பல்லு வச்ச ஃபோன்

ஜெகதீஸ்வரன்: காலையில தேத்தண்ணி குடிக்க ஒக்காந்தப்ப நாம என்ன பேசினோம்ணே?

ரெங்கசாமி: என்ன பேசுவோம். ஒன் ஃபோனப் பத்தித்தான்.

ஜெகதீஸ்வரன்: அதுக்கப்புறம்?

ரெங்கசாமி: அதுக்கப்புறமும் ஒன் ஃபோனப் பத்தித்தான். ரெண்டு வாரமா என் காதுல வேற என்ன விழுந்துச்சு.

ஜெகதீஸ்வரன்: வெளாடாதீங்கண்ணே. யோசிச்சுச் சொல்லுங்க.

ரெங்கசாமி: கொழுந்து வெட்டுற மெஷினுக்கு எண்ணெய் ஊத்தணும். பை பிடிக்கிற நேப்பாளி கொழுந்த லோரியில கொட்டிட்டு வந்துடுவான். அதுக்குள்ள எதுக்கு இந்த விசாரண?

ஜெகதீஸ்வரன்: அவன் வர்றதுக்குள்ள தெரியணும்...

ரெங்கசாமி: சரி. கண்ணாடி ஃபோன் ஒன் வெரல மதிக்கல. பனியில நனைஞ்ச வெரல், கொழுந்துச் சாறு ஒட்டின வெரல், அதுக்கு ஆளாவே தெரியல. அதனால பட்டன் வச்ச ஃபோன் வாங்கினேன்னு ஆரம்பிச்ச.

ஜெகதீஸ்வரன்: அது நெசந்தானே.

ரெங்கசாமி: பட்டன் ஒவ்வொண்ணும் பச்சப்பயறு அளவு. ஒன் கட்டை வெரல வச்சா மூணு காணாமப் போவுது.

ஜெகதீஸ்வரன்: நாலு. நேத்து சுபத்ரா சாப்டாச்சான்னு கேட்டு அனுப்பியிருந்தா. சாப்பிட்டேன்னு நான் அடிச்சு முடிக்கிறதுக்குள்ள மறுபடி பசிச்சிடுச்சு.

ரெங்கசாமி: ஒம் பொண்டாட்டி அதுக்கு என்ன சொன்னா?

ஜெகதீஸ்வரன்: பல்லு வச்ச ஃபோன்னு சொன்னா. ஊரே தேச்சுக்கிட்டு இருக்கு, நீ மட்டும் குத்திக்கிட்டு இருன்னா. கம்போங் ராஜா டவுன்ல ஃபோன் கடைக்காரனும் சொன்னான், இத யாரும் வாங்குறதில்லண்ணேன்னு. அவன் எச்சரிக்க பண்ணியிருக்கான். நான் பெருமையா எடுத்துக்கிட்டேன்.

ரெங்கசாமி: அதையும் காலையிலயே சொல்லிட்ட. அப்புறம் எழுத்துக்கு ஒரு ஆள்னு என்னமோ பீத்திக்கிட்ட...

ஜெகதீஸ்வரன்: ஆமா. ஒரு பட்டன அமுக்கிப் பிடிச்சா நேரா அந்த ஆளுக்கு கால் போயிடும். எஸ் அமுக்குனா சுபத்ரா. ஆர் அமுக்குனா நீங்க.

ரெங்கசாமி: ஒரே மெஷினுக்கு அந்தத் தலையில நீ, இந்தத் தலையில நான். ஒம்பது வருஷமா நடுவுல ஒரு தேயில நிரைதான். எனக்கு எதுக்கு ஒரு பட்டன்?

ஜெகதீஸ்வரன்: எம் அமுக்குனா... மேனேஜர்.

ரெங்கசாமி: தொரையா? நீ எந்தக் காலத்துல தொரைக்கு ஃபோன் பண்ண?

ஜெகதீஸ்வரன்: பண்ணதே இல்ல. எம் சும்மா கெடந்துச்சுண்ணே.

ரெங்கசாமி: ஜெகா...

ஜெகதீஸ்வரன்: மெஷின எறக்கி வைக்கிறப்ப தோள் வார் ஃபோன் மேல அழுந்தியிருக்கு. சோத்துக்கு ஒக்காந்தப்பத்தான் பாத்தேன். காலையில ஒம்பது நாப்பதுக்கு கால் போயிருக்கு.

ரெங்கசாமி: எடுத்துட்டாரா?

ஜெகதீஸ்வரன்: எடுத்து... இருபத்தோரு நிமிஷம் கேட்டிருக்காரு.

ரெங்கசாமி: இருபத்தோரு நிமிஷமா. கல்யாணம் ஆனதுல இருந்து என் பொண்டாட்டியே அவ்வளவு நேரம் நான் பேசிக் கேட்டதில்ல.

ஜெகதீஸ்வரன்: மொத ஏழு நிமிஷம் ஃபோன் பெருமை. அதுல அவரு தூங்கியிருந்தா தப்பிச்சோம்.

ரெங்கசாமி: அப்புறம் அவரோட வெள்ளச் சப்பாத்து. மழ பேஞ்ச நிரையில கொக்கு மாதிரி நடக்குறாருன்ன.

ஜெகதீஸ்வரன்: அது பரவால்ல லா. கொக்கு அழகான பறவதானே.

ரெங்கசாமி: திரிங்காப்ல ரோஜாத் தோட்டத்துக்கு ஆள் எடுக்குறாங்க, போயிடலாமான்னு கேட்ட.

ஜெகதீஸ்வரன்: அதுவும் பரவால்ல. அஞ்சு வருஷமா போறேன் போறேங்குறேன். நான் போக மாட்டேன்னு அவருக்கே தெரியும்.

ரெங்கசாமி: அப்ப ஏன் இப்படி முழிக்கிற?

ஜெகதீஸ்வரன்: அதுக்கப்புறம் ஒங்க சட்டையக் கழட்டச் சொன்னேன்...

ரெங்கசாமி: ம்.

ஜெகதீஸ்வரன்: தோள்ல தைலம் தேச்சேன். மெதுவா, மெதுவான்னு சொன்னீங்க. நான் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இல்ல.

ரெங்கசாமி: என்ன சொன்ன?

ஜெகதீஸ்வரன்: தெரியாத மாதிரி கேக்காதீங்கண்ணே. இந்தத் தோள வச்சுக்கிட்டு நீங்க எங்க மெஷினத் தூக்குறீங்க, ஒங்க பாதியையும் நானேதான் தூக்குறேன்னு சொன்னேன். வெளாட்டுக்கு.

ரெங்கசாமி: வெளாட்டுக்கா?

ஜெகதீஸ்வரன்: வெளாட்டுக்குத்தான்.

ரெங்கசாமி: கனமெல்லாம் இன்ஜின் பக்கம். ரெண்டு நிரைக்கு ஒருக்கா பக்கம் மாத்திக்கணும். அதுதானே வழக்கம். நீ ஏன் மாத்தவே மாட்டேங்குற?

ஜெகதீஸ்வரன்: ஃபோன் பாக்கெட் இந்தப் பக்கம் இருக்குண்ணே. மாத்துனா வார் அமுக்கிடும்...

ரெங்கசாமி: அமுக்காமத்தான் தொரைக்குப் போச்சா?

ஜெகதீஸ்வரன்: ஃபோனுக்காகத்தான்ணே மாத்தல.

ரெங்கசாமி: ஃபோன் வாங்கி ரெண்டு வாரம். நீ இன்ஜின் பக்கத்த விடாமப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது தீவாளியில இருந்து.

ஜெகதீஸ்வரன்: பாத்துக்கிட்டா இருந்தீங்க?

ரெங்கசாமி: காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் எனக்கு எதிர்ல ஒன் மூஞ்சிதான் இருக்கு. வேற எதப் பாக்குறது.

ஜெகதீஸ்வரன்: தோள் போச்சுன்னு தெரிஞ்சா மெஷின்ல இருந்து எடுத்துடுவாருண்ணே. வேல போனா லயத்து வீடும் போச்சு. ஒங்க மக யுவனேஸ்வரிக்குப் பரீட்ச முடிய இன்னும் நாலு மாசம் இருக்கு. அந்தப் பிள்ளைய எங்க கூட்டிக்கிட்டுப் போவீங்க? எல்லாத்தையும் நான் ஒரே பட்டன்ல...

ரெங்கசாமி: பட்டன் என்ன பண்ணுச்சு. ஒன் வாயி.

ஜெகதீஸ்வரன்: வாய்தான். வாய்க்குப் பூட்டு வச்ச ஃபோன் வந்தா அதையும் நான்தான் மொத ஆளா வாங்குவேன்.

ரெங்கசாமி: தொரை திரும்பக் கூப்பிட்டாரா?

ஜெகதீஸ்வரன்: ரெண்டு தடவ. நான் எடுக்கல.

ரெங்கசாமி: அதான் சோத்தக் கூடத் தொடாம குத்திக்கிட்டு இருந்தியா?

ஜெகதீஸ்வரன்: மெசேஜ் எழுதுறேன். முக்கா மணி நேரமா. நாலு வரி வந்திருக்கு.

ரெங்கசாமி: படி.

ஜெகதீஸ்வரன்: ஐயா, காலையில நான் பேசினது எல்லாம் பொய். ரெங்கசாமி அண்ணன் தோள் நல்லா இருக்கு. என் பாதியையும் அவர்தான் தூக்குறாரு. எனக்குத்தான் ஒடம்பு சரியில்ல.

ரெங்கசாமி: கடைசி வரிய ஏன் போட்ட?

ஜெகதீஸ்வரன்: யாரையாவது எடுக்கணும்னு நெனச்சா என்னய எடுக்கட்டும். எனக்குத் திரிங்காப் ரோஜா இருக்கு.

ரெங்கசாமி: முள்ளு குத்துனா மூணு நாள் லீவு போடுற ஆளு நீ.

ஜெகதீஸ்வரன்: கையொற போட்டுக்குவேன். இந்த ஃபோன் கையொறையோடயும் அடிக்கலாம்ணே.

ரெங்கசாமி: இன்னும் விக்கிறியே அத.

ஜெகதீஸ்வரன்: அனுப்பட்டுமா?

ரெங்கசாமி: அனுப்பாத.

ஜெகதீஸ்வரன்: ஏன்?

ரெங்கசாமி: தொரைக்குத் தெரியும்.

ஜெகதீஸ்வரன்: தெரியும், கேட்டுட்டாரு. அதத்தான் மாத்தப் பாக்குறேன்...

ரெங்கசாமி: வியாழக்கெழமையே தெரியும். ஆபீசுக்குப் போயி நான்தான் சொன்னேன்.

ஜெகதீஸ்வரன்: நீங்களா?

ரெங்கசாமி: தோள் தூங்க விடல. ஒன் முதுகும் வளைஞ்சுக்கிட்டே போவுது. எத்தன நாளைக்குப் பாத்துக்கிட்டு நடக்குறது.

ஜெகதீஸ்வரன்: என்ன சொன்னாரு?

ரெங்கசாமி: நர்சரியில தேயிலக் கன்னுக்குத் தண்ணி ஊத்துற வேல. சம்பளம் கொறைவு. வீடு அப்படியே இருக்கும்.

ஜெகதீஸ்வரன்: எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல.

ரெங்கசாமி: சொல்லியிருந்தா விட்டுடுவியா? ஆபீஸ் வாசல்ல போயி நின்னுக்கிட்டு, அண்ணன் சும்மா வந்து பிடிச்சாப் போதும், மெஷின நானே தூக்குறேம்ப.

ஜெகதீஸ்வரன்: சொல்லியிருப்பேன்.

ரெங்கசாமி: தெரியும்.

ஜெகதீஸ்வரன்: எப்ப இருந்து? திங்கக்கெழமையா?

ரெங்கசாமி: அத விடு. எண்ணெய்க் கேன எடு.

ஜெகதீஸ்வரன்: சரி, நீங்களே போயிச் சொல்லிட்டீங்க. அவருக்கும் எல்லாம் தெரியும். அப்ப என்னய எதுக்கு ரெண்டு தடவ கூப்பிட்டாரு?

ரெங்கசாமி: நேத்தே நர்சரிக்குப் பேர மாத்திவிட்ட ஆளோட கொரல் மலை மேல எப்படிக் கேக்குதுன்னு கேக்கத்தான் இருக்கும். காலையில பெரட்டுல பேர் கூப்பிட்டப்ப ஒன் ஜோடிக்கு மகேன் பேரத்தான் கூப்பிட்டாங்க, ஜெகா. நீ ஃபோன விட்டுத் தலையத் தூக்கல. ஒங்கூட மெஷின் பிடிக்க நான் அவன்கிட்ட இந்த ஒரு நாளக் கேட்டு வாங்கிக்கிட்டு வந்தேன்.