விட்ட இடத்துலேர்ந்து

மன்னிச்சுக்குங்கக்கா, ஒட்டுக்கேக்கணும்னு இல்ல. பக்கத்து சீட்டுங்கறதால காதுல விழுந்துடுச்சு. எரிச்சல் நின்னுபோச்சு, அதான் மாத்திரையையும் நிறுத்திட்டேன்னு போன்ல சொன்னீங்களே. யூரின் இன்ஃபெக்ஷன்தானே? ம். நான் முன்னப் பின்ன தெரியாதவங்ககிட்ட இப்படிப் பேசற ஆள் இல்ல. காலேஜ்ல பேரைக் கூப்பிட்டாக்கூட கையை மட்டும்தான் தூக்குவேன்.

டாக்டரா? இல்லக்கா. கணக்குப் படிக்கறேன், கொச்சபாம்பாவுல. வீடு ஒரூரோவுல, அந்தச் சுரங்க ஊர்ல.

எங்க அம்மாவுக்கும் இதே தொந்தரவு, போன வருஷம். கார்னிவல் திருவிழா வாரம் புதன்கிழமை டாக்டர்கிட்ட போனா. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, ஏழு நாளைக்குன்னு எழுதிக் கொடுத்தாரு. வெள்ளிக்கிழமையே எரிச்சல் போயிடுச்சு. சனிக்கிழமை ஊர்வல ஆட்டம். மீதி மாத்திரையைத் தூக்கி அலமாரியில வச்சுட்டா.

அலட்சியம்னு நினைக்காதீங்க, அது மாத்திரைக்குக் கொடுத்த மரியாதை. மாத்திரையோட பீர் சேர்ந்தா விஷமாயிடும்பாங்கல்ல? உங்க பக்கமும் அப்படித்தான் சொல்வாங்களா? அது ஆகாதுன்னுதான் நிறுத்தினா. குடிக்காம ஆட முடியாதே. அந்த வருஷம் எங்க ஆட்டக் குழுவோட செலவை ஏத்துக்கிட்டவங்க தோன்யா நியேவெஸ். அவங்க நீட்டற கிளாஸை வேணாம்னு சொன்னா செருப்பால அடிச்ச மாதிரி. பூமித்தாய்க்கு ரெண்டு சொட்டு ஊத்திட்டு மீதியைக் குடிச்சே ஆகணும். தண்ணி மட்டும் ஒரு சொட்டு குடிக்க மாட்டா. பாவாடை மேல பாவாடையா அடுக்கிக் கட்டியிருப்பாங்க, ஒண்ணுக்குப் போகணும்னா தூக்கிப் பிடிக்கவே ஒரு ஆள் வேணும். அதனால அடக்கிக்கறது.

ஒரு வருஷம் ஆடாம விட்டா என்னவா? நேர்த்திக்கடன்கா. சுரங்க மாதாவுக்கு மூணு வருஷம் ஆடறேன்னு வேண்டியிருந்தா. எனக்கு யுனிவர்சிட்டியில சீட்டு கிடைக்கணும்னுதான். கிடைச்சுது. முதல் வருஷம் ஆடினா. அடுத்த வருஷம் தாத்தா செத்துட்டாரு, துக்கத்துல ஆட முடியல. மாதா கோயில் சாமியார்கிட்ட போய் அழுதா. அவரு, விட்ட இடத்துலேர்ந்து ஆடும்மா, மாதா கோவிச்சுக்க மாட்டான்னு அனுப்பி வச்சாரு. நல்ல மனுஷன்தான். அம்மா அதைக் கெட்டியா பிடிச்சுக்கிட்டா. மாத்திரைக்கும் அதே சட்டத்தைப் போட்டுட்டா. கார்னிவல் முடிஞ்சு வர்ற சாம்பல் புதன்லேர்ந்து தொடர்ந்தா கணக்கு சரியாயிடும்னா.

அப்பா மினிபஸ் ஓட்டறாரு. எதுக்கெடுத்தாலும் நக்கல். அம்மா பேரைச் சொல்லி, ஏண்டி சாத்தூர்னினா, மாதா காத்திருப்பா, கிருமி காத்திருக்குமான்னாரு. அம்மா விடுவாளா? நீ கோயில் பக்கம் வந்தே யுகமாச்சு, மாதாவைப் பத்தி உனக்கென்ன தெரியும், வாயை மூடிக்கிட்டு சூப்பைக் குடின்னா. குடிச்சாரு.

சனி, ஞாயிறு ரெண்டு நாளும் ஆடினா. நல்லாத்தான் ஆடினா. திங்கள்கிழமை உடம்பு தூக்கிப் போடற மாதிரி குளிர் ஜுரம், முதுகுல ஒரு பக்கம் வலி. ஆடின வலின்னுட்டா. செவ்வாய்க்கிழமை வீட்டுக்குப் பூ தூவி பீர் தெளிச்சுப் படைப்போம்ல, அன்னிக்கும் ரெண்டு கிளாஸ். புதன்கிழமை நெத்தியில சாம்பலோட பூசையிலேர்ந்து வந்து அலமாரியைத் திறந்தா. விட்டதையும் சேர்த்து அடைச்சுடறேன்னு ரெண்டு ரெண்டா முழுங்கினா. மறுநாள் என்னை அவ தங்கச்சி பேர் சொல்லிக் கூப்பிட்டா. அப்புறம்தான் ஆஸ்பத்திரி. கிட்னிக்குப் போய் ரத்தத்துலயும் கலந்துடுச்சுன்னாங்க.

அங்க இருந்த டாக்டரம்மா பொறுமையா சொன்னாங்க. சில மருந்து மூணு நாள், சிலது அஞ்சு, சிலது ஏழு. உடம்பு நல்லாயிருக்கறதை வச்சு நாமளா முடிவு பண்ணக் கூடாதாம். பாதியில விட்டா மிஞ்சின கிருமி திரும்பப் பெருகிடும். அப்புறம் ரெண்டா போட்டாலும் விட்டதுக்கு ஈடாகாதாம். உங்களுக்கு எத்தனை நாள் சொன்னாங்க? அஞ்சா. எத்தனை போட்டீங்க? சரி, நீங்களா சேர்த்துப் போட்டுக்காதீங்க. பஸ் நின்னதும் உங்க டாக்டருக்கு போன் போட்டு, இவ்வளவுதான் போட்டேன்னு சொல்லிடுங்க. பயமுறுத்தணும்னு சொல்லலக்கா.

அம்மாவா? இல்ல. அந்தச் சனிக்கிழமையே போயிட்டா.

பரவாயில்லக்கா, நீங்க சாப்பிடுங்க, எம்பனாதா ஆறிடும். எல்லாரும் இப்படித்தான் கையைப் பிடிச்சுக்கறாங்க. எனக்குத்தான் ஒண்ணும் தோண மாட்டேங்குது. அடக்கம் பண்ண அன்னிக்குக் குழிகிட்ட நின்னுக்கிட்டு எத்தனை பேர் வந்திருக்காங்கன்னு எண்ணிக்கிட்டிருந்தேன்.

ஆமா, நேர்த்தியில ஒரு வருஷம் பாக்கி. பொண்ணுக்காக வேண்டினது, பொண்ணு ஆடட்டும்னாங்க தோன்யா நியேவெஸ். நானும் சரின்னுட்டேன். நான் கல்யாண வீட்டுலகூட ஆடினதில்ல. அப்பாவும் பக்கத்துல இருந்து இதைக் கேட்டாரு. மறுநாள் பஸ்ஸை நிறுத்திட்டுப் போய், குழுவுல தன் பேரைக் கொடுத்துட்டு வந்துட்டாரு.

இந்த வருஷம் அவர்தான் ஆடினாரு, ரெண்டு வாரம் முன்னாடி. ஆம்பளைங்க போடற அந்த முகமூடியும் உடுப்பும் ஆளையே அமுக்கிடும். காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் ஒரு அடி தப்பாம ஆடினாரு. யார் கிளாஸ் நீட்டினாலும் வாங்கி, முழுசையும் மண்ணுல ஊத்திட்டாரு. நான் கோயில் வாசல்ல நின்னுக்கிட்டிருந்தேன். ஆட்டம் அங்கதான் முடியும். அங்கேர்ந்து எல்லாரும் முட்டி போட்டு, அழுதுக்கிட்டே மாதாகிட்ட போவாங்க. முன்னாடி போனவங்க எல்லாரும் அப்படித்தான் போனாங்க. அப்பா வாசப்படிகிட்ட வந்து முகமூடியைக் கழட்டினாரு. தலையெல்லாம் வேர்வை. உள்ள இருந்த மாதாவைப் பார்த்தாரு. அப்புறம் திரும்பி, அந்த உடுப்போடயே வீட்டுக்கு நடந்து போயிட்டாரு.