தானா எந்திரிக்கும்

— அந்தத் தட்டைக் கீழ வெச்சுட்டு நான் சொல்றதக் கொஞ்சம் கேளுங்க அண்ணி.

— காது சும்மாதான இருக்கு, சொல்லு தம்பி. குஞ்சு பொரிக்க வெச்ச ஒரு அறை முட்டையும் வெந்து கிடக்கு. நாத்தம் எடுக்கறதுக்குள்ள குழியில கொட்டணும்.

— மீசைக்காரரை வேலையை விட்டு அனுப்பிட்டீங்களாமே.

— உங்க அண்ணன்தான் அனுப்பினாரு. மத்தியானம் விசிறி நின்னு, சூடு ஒரே பக்கமா ஏறிடுச்சு. காவலுக்கு இருந்தவரு சாப்பிட்டுட்டுக் கண்ணசந்துட்டாருன்னு...

— யாரு பாத்தா?

— அதெல்லாம் இப்ப எதுக்கு? போனது போச்சு.

— அவர் தூங்கினாரோ இல்லையோ, முட்டை போனது என்னால அண்ணி.

— உன்னாலயா? நீ ஊர்லயே இல்லையே.

— நான் செஞ்ச பெட்டி இருந்துச்சே. விசிறியை ஓட்டறது அதுக்குள்ள இருக்கற ஒரு புரோகிராம். அது பாதியில செத்துடுச்சு. எழுப்பிவிட ஆள் இல்ல.

— எனக்குப் புரியற மாதிரி சொல்லு.

— சுவிட்ச் போட்டதும் முதல்ல முழிச்சுக்கறது ஒண்ணு இருக்கு. இனிட்னு சொல்வோம். அதுதான் மத்த எல்லாத்தையும் எழுப்பும். நம்ம வீட்ல நீங்க எழுப்பற மாதிரி.

— ஐஸ் வெக்காம மேல சொல்லு.

— ஆபீஸ் சர்வர்லயும் என் லேப்டாப்லயும் இருக்கறது பெரிய இனிட். எது விழுந்தாலும் திரும்பத் தூக்கி நிறுத்தும். உங்க பெட்டியில இடம் கம்மி. கரண்ட் வந்ததும் சட்டுனு ஓடணும்னு சின்னதாப் பாத்துப் போட்டேன். அது முதல்ல ஒரு தடவை எழுப்பிவிடும், அதோட சரி.

— அப்ப அந்தச் சின்னதுமேலதான் தப்பு.

— இல்ல அண்ணி. செத்தா எழுப்புன்னு அதுலயும் ஒரு வரி எழுதலாம். ஆபீஸ்ல அதெல்லாம் வேற யாராவது எழுதி வெச்சிருப்பாங்க. இங்க எனக்கு அந்த நெனப்பே வரல.

— ஆனா அன்னிக்கு எங்க கண்ணு முன்னாடி நிறுத்திக் காட்டினியே. விசிறி தானா திரும்பச் சுத்துச்சே.

— அது லேப்டாப்ல மாட்டிக் காட்டினது. பெட்டியில மாட்டினப்புறம் திரும்பச் சோதிச்சுப் பாக்கல. அசால்ட்டா இருந்துட்டேன்.

— அய்யோ தம்பி...

— பாவம், அந்த மனுஷன் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு போனாராமே. ஒரு வார்த்தைகூட எதிர்த்துப் பேசலையாம்.

— பேசல. என்னை ஒரு தடவை பாத்தாரு, அவ்வளவுதான்.

— வாங்க, அவர் வீட்டுக்குப் போய்க் கூட்டிட்டு வந்துடலாம். மன்னிப்பு நான் கேட்டுக்கறேன்.

— நீ மட்டும் போய்ட்டு வா.

— நீங்க வராம எப்படி? வேலைக்கு வெச்சது நீங்கதான. உங்க மேல அவருக்கு மரியாதை ஜாஸ்தி.

— அதனாலதான் சொல்றேன், என்னைக் கூப்பிடாத.

— அழறீங்களா? முட்டை போனா அடுத்த தடவை வெச்சுக்கலாம் அண்ணி. தப்பு பண்ணினவன் நான், நீங்க எதுக்கு...

— அவர் தூங்கவே இல்ல தம்பி. விசிறி நின்னதும் ஓடி வந்து, பிளக்கைப் பிடுங்கி மாட்டட்டுமாம்மான்னு கேட்டாரு. என் கொழுந்தன் செஞ்சது, தானா எந்திரிக்கும், கை வெக்காதீங்கன்னு தொரத்திவிட்டேன். சாயங்காலம் உங்க அண்ணன் வந்து கத்தினப்போ, அவரு தூங்கிட்டாருன்னு சொன்னதும் நான்தான்.