எண்ணெய் பூசிய வாள்

இன்று மார்ச் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணி, வெளியே தூறல். இந்த ஈரக்காற்று இரும்புக்கு ஆகாது, இன்ஸ்பெக்டர் ஐயா. முதலில் அந்த ஜன்னலைச் சாத்தச் சொல்லுங்கள்.

உங்கள் குறிப்பில் 'பழைய பட்டாக்கத்தி' என்றிருக்கிறது. பழம்பொருள் மதிப்பீட்டாளன் என்ற முறையில் அதை நான் ஏற்க இயலாது. மேசைமேல் இருப்பது மொராக்கோ நாட்டு வாள், நிம்ச்சா என்பார்கள். பிடி காண்டாமிருகக் கொம்பு. பிடிக்கு மேலுள்ள கைக்காப்பின் கிளைகள் வெட்டும் அலகை நோக்கி வளைந்திருப்பதைப் பாருங்கள். அலகு மட்டும் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்தது. வயது முந்நூறு ஆண்டு.

அந்த முந்நூறு ஆண்டுகளும் அலகின்மேல் கரும்பழுப்புத் தோலாகப் படிந்திருந்தன. அசலா போலியா என்பதற்கு அதுவே சாட்சி. விலையும் அதில்தான் இருக்கிறது. கடையில் என் கூட்டாளியும் என் தங்கையின் கணவருமான மாப்பிள்ளைக்கு இதைப் பலமுறை விளக்கியிருக்கிறேன். அவர் நல்லவர், சிரிக்கத் தெரிந்தவர், கேட்கத் தெரியாதவர்.

ஞாயிறு மாலை நான் கடைக்குள் நுழைந்தபோது, பாத்திரம் துலக்கும் கம்பிநாரால் அலகைத் தேய்த்து முடித்திருந்தார்.

"வாங்க மச்சான். கண்ணாடி மாதிரி ஆக்கிட்டேன் பாருங்க. மூஞ்சியப் பாத்துத் தலை சீவிக்கலாம்."

"யாரைக் கேட்டு செஞ்சீங்க மாப்பிள்ளை?"

"துருவத் தேய்க்க மனு போடணுமா? காலாகாலத்துல ஒருத்தியக் கட்டியிருந்தா, இந்த இரும்பக் கட்டிக்கிட்டு அழமாட்டீங்க."

நான் கோபப்படவில்லை. வாளை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். பழைய தோல் துளிகூட மிஞ்சவில்லை. அவர் அடுத்து, பிடியைத் தேய்க்கப் புதிய நாரை எடுத்தார். பிடியையாவது காப்பாற்ற வேண்டியிருந்தது. ஒரே வீச்சு.

திருடன் வந்ததாகவே நீங்களும் முதலில் நினைத்தீர்கள். பூட்டை நான் ஒழுங்காகத்தான் உடைத்திருந்தேன். ஆனால் நேற்றுக் கேட்டீர்கள்: "ஆளையும் வெட்டிட்டு, வாளைத் துடைச்சு, எண்ணெய் போட்டு, மாட்டிட்டுப் போற திருடன் எங்கயாவது உண்டா சார்?"

இல்லைதான். இரத்தத்தில் உப்பு இருக்கிறது. விடிவதற்குள் இரும்பைத் தின்றுவிடும். நான் துடைத்து எண்ணெய் பூசும்போது மாப்பிள்ளைக்கு மூச்சு இருந்தது. தொலைபேசியும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. என் இரு கைகளிலும் எண்ணெய்.

தங்கை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே வருமுன் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ பண்ணலன்னு ஒரு வார்த்தை சொல்லிடுண்ணா, நான் நம்பிடறேன். இனிமே எனக்கு உன்னை விட்டா யாரு இருக்கா?" கையை விடுவித்துக்கொண்டு உள்ளே வந்தேன். பொய்ச்சான்று தருவது என் தொழிலில் வழக்கமில்லை.

நீங்கள் கேட்ட மதிப்பீட்டை எழுதிக் கையெழுத்தும் இட்டுவிட்டேன். பழைய விலையில் கால்வாசிதான் தேறும். அலகு தேய்க்கப்பட்டிருக்கிறது; கைக்காப்பின் இடுக்கில் எவ்வளவு துடைத்தும் போகாத இரத்தக்கறை இருக்கிறது. இரண்டு சேதத்துக்கும் பொறுப்பு மாப்பிள்ளை என்றே குறித்திருக்கிறேன்.

இந்தாருங்கள்.