அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா

பந்தியில இலை போட ஆரம்பிச்சுட்டாங்க, எனக்கும் வாசனை வருது. அதனால நீளமா இழுக்க மாட்டேன். எங்க வீட்டுல நடந்த ஒரு சின்ன விஷயம், அதைச் சொல்லிட்டு இறங்கிடறேன்.

காலையிலேருந்து இந்த மேடை ஓரமாத்தான் உட்கார்ந்திருக்கேன். வாழ்த்த வர்றவங்க பொண்ணு அருள்மொழி காதுகிட்ட குனிஞ்சு ஒண்ணு சொல்றாங்க. என்னன்னு கேட்டீங்களா? "அட்ஜஸ்ட் பண்ணிப் போம்மா." நானே ஏழு பேரு எண்ணினேன். மாப்பிள்ளை காதுல யாராச்சும் சொன்னாங்களா...? ஒருத்தர்கூட இல்ல!

இங்கிலீஷ்ல அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தமோ, நமக்கு ஆயிரம் அர்த்தம். மெக்கானிக் பிரேக்கை அட்ஜஸ்ட் பண்ணுவாரு. ரவிக்கை இறுக்கிப் பிடிக்குதுன்னா, டைலர், "இன்னைக்கு மட்டும் அட்ஜஸ்ட் பண்ணிப் போட்டுக்கங்க அக்கா"ம்பாரு. வாடகை வீட்டு ஓனர், "தண்ணி ஒரு வேளைதான் வரும், அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க"ம்பாரு. நான் கண்டக்டரா இருந்தவன். முப்பது வருஷம் திண்டுக்கல் நத்தம் பஸ்ஸுல டிக்கெட்டைவிட அதிகமா அந்த வார்த்தையைத்தான் கிழிச்சிருக்கேன்.

ஆனா எங்க வீட்டுல அதுக்கு ஒரே அர்த்தம்தான். என் மருமக தமயந்தி விட்டுக் கொடுக்கணும்!

அந்தப் பொண்ணு பி.காம். படிச்சவ. பேங்க் பரீட்சை எழுதணும்னு அவளுக்கு ஆசை. முதல் தடவை எழுதப் போறப்போ என் மகன் குமரவேல் கால் ஒடிஞ்சு படுத்துட்டான். "அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா." ரெண்டாவது தடவை என் மக வளர்மதிக்குப் பிரசவம். "அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா." ரெண்டு தடவையும் புஸ்தகத்தை எடுத்து பீரோ மேல வெச்சுட்டு அடுப்படிக்குப் போயிட்டா. நான் பார்த்துக்கிட்டே இருந்தேன்... ஒரு வார்த்தை கேக்கல.

கல்யாணமாகி வந்த ஏழாவது வருஷம், மூணாவது தடவையும் அப்ளிகேஷன் போட்டா. அதுதான் கடைசி, அப்புறம் வயசு தாண்டிடும்.

இதுக்கு நடுவுல வளர்மதி பிள்ளைக்குக் குலதெய்வம் கோயில்ல காதுகுத்து வெச்சோம். பூசாரியைக் கேட்டோம், ஆசாரியைக் கேட்டோம், சம்பந்தி வீட்டைக் கேட்டோம். நாள் குறிச்சாச்சு, பத்திரிகையும் அடிச்சாச்சு. தாய்மாமன் மடியில பிள்ளை உட்காரணும், மாமன் பொண்டாட்டி சீர்த்தட்டு எடுத்துக்கிட்டு முன்னால வரணும். அந்தச் சீர்த்தட்டு எடுக்கிறவளை மட்டும்... நாங்க யாரும் கேக்கல.

பத்திரிகை வந்த அன்னைக்கு சாயங்காலம் தமயந்தி என்கிட்ட வந்தா. ஒரு கையில பத்திரிகை, இன்னொரு கையில ஹால் டிக்கெட். ரெண்டுலயும் ஒரே ஞாயித்துக்கிழமை.

"மாமா, ரெண்டுலயும் என் பேரு இருக்கு. நான் எதுக்குப் போகட்டும்?"

சத்தம் போடல. அழல.

என் சம்சாரம் அடுப்படியிலேருந்தே ஆரம்பிச்சுட்டா. "பரீட்சை என்ன ஓடியா போகுது? அடுத்த வருஷம் எழுதிக்கலாம். கொஞ்சம் அட்ஜஸ்ட்..."

"நிறுத்துடி!"ன்னு கத்திட்டேன். கல்யாணமான நாள்லேருந்து அவகிட்ட நான் அப்படிக் கத்தினது இல்ல. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு.

அய்யா, பஸ்ஸுல நான் யாரைப் பார்த்து அட்ஜஸ்ட் பண்ணச் சொல்லுவேன்? காலை அகட்டி சவுகரியமா உட்கார்ந்திருக்கானே, அவனைப் பார்த்துத்தானே! "அண்ணே, கொஞ்சம் நகருங்க, அந்தம்மா உட்காரட்டும்"னு சொல்லுவேன். கைக்குழந்தையோட நிக்கிற பொம்பளையைப் பார்த்து, "நீ இன்னும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி நில்லும்மா"ன்னு ஒரு நாளாவது சொல்லியிருப்பேனா? பஸ்ஸுல தெரிஞ்ச நியாயம் வீட்டுல தெரியலையே எனக்கு!

உடனே பூசாரிக்கு போன் போட்டேன். காலையில பதினோரு மணிக்கு வெச்ச காதுகுத்தை, மத்தியானம் மூணேகாலுக்கு மாத்தினேன். அதுல ஒரு சிக்கல். காது குத்தாம எங்க வழக்கத்துல கறிச்சோத்துக்கு இலை போட மாட்டோம். அன்னைக்குப் பத்திரிகையில போட்ட நேரத்துக்கே வந்த ஜனம் பூரா காத்துக் கிடக்கு. நானே மோர் டம்ளரை வெச்சுக்கிட்டு ஒவ்வொருத்தர்கிட்டயா போறேன். "அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க... கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க..."

என் மச்சான் பெரியகருப்பனுக்குப் பசி தாங்காது. எகிறிட்டாரு. "என்னய்யா இது, உன் மருமக பரீட்சைக்கு நாங்க பட்டினியா?"

"ஆமா மச்சான். உமக்கு நாலு மணி நேரம். அவளுக்கு ஏழு வருஷம்."

மோரை வாங்கிக் குடிச்சாரு.

மூணு மணிக்குக் குமரவேல் பைக்குல தமயந்தி வந்து இறங்கினா. பரீட்சை எழுதின கையோட சீர்த்தட்டை வாங்கிக்கிட்டு நடந்தா பாருங்க... நத்தம் ரோட்டுல எத்தனையோ ஊர்வலம் பார்த்திருக்கேன், அப்படி ஒரு நடை பார்த்ததில்ல.

பாஸானாளா? அதானே கேக்கறீங்க? இல்லீங்க. ரெண்டு மார்க்குல போயிடுச்சு. ரிசல்ட் வந்த அன்னைக்கு நான்தான் அழுதேன். "விடுங்க மாமா, இந்தத் தடவை நானா எழுதிப் பார்த்துட்டேன். முன்னெல்லாம் மனசு அரிச்சுக்கிட்டே இருக்கும். இப்ப அது இல்ல"ன்னு அவ என்னைத் தேத்தறா. முன்னாடி விட்ட ரெண்டு தடவையில ஒண்ணு எழுதியிருந்தா கிடைச்சிருக்குமோ? அதை நினைச்சா இன்னைக்கும் எனக்குச் சோறு இறங்காது. அந்த ரெண்டு பரீட்சையையும் பறிச்சது நாங்கதான். திட்டிப் பறிக்கல... அன்பா, "அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா"ன்னு சொல்லியே பறிச்சோம்.

விட்டுக் கொடுக்கிறது நல்ல குணம்தாங்க, நான் இல்லைன்னு சொல்லல. ஆனா தினமும் ஒரே ஆள் விட்டுக் கொடுத்தா அதுக்குப் பேரு குணமா? வீட்டுல யாருக்கு வசதி இருக்கோ அவங்கதான் முதல்ல நகரணும்.

மாப்பிள்ளைத் தம்பி செழியன், இந்தப் பக்கம் காதைக் குடுங்க. பொண்ணுக்கு ஏழு பேரு சொல்லிட்டாங்க, உங்களுக்குச் சொல்ல நான் ஒருத்தன்தான் இருக்கேன். அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க தம்பி. அப்புறம், மாப்பிள்ளையைப் பெத்தவங்களே... இனிமே உங்க வீட்டுல எதுக்கு நாள் குறிச்சாலும், பூசாரியைக் கேக்கறதுக்கு முன்னாடி, அருள்மொழியைக் கேளுங்க.