மூணாவது வார்டு, நாலு மணித் தண்ணீர்

நான் எப்போதும் சட்டைப்பையில் பென்சில்தான் வைத்திருப்பேன், ஐயா. பேனா கசிந்தால் வெள்ளைச் சட்டை பாழாகிவிடும்.

எங்கள் பேரூராட்சிக்குச் செயல் அலுவலராக வந்த அன்றே ஒரு வழக்கம் கொண்டுவந்தேன். தண்ணீர்ப் புகாரைப் பதிவேட்டில் பென்சிலால் எழுத வேண்டும், சரிசெய்ததும் அழித்துவிட வேண்டும். சரிசெய்த பிறகு அது புகாரே இல்லை அல்லவா? சிலதைச் சரிசெய்ய நேரமில்லை, அவற்றையும் அழித்தோம். மூன்று வருடத்தில் பதிவேடு சுத்தமாக இருந்தது. 1996இல் கோயம்புத்தூரில் நடந்த செயல் அலுவலர்கள் மாநாட்டில், ‘புகாரில்லாத பேரூராட்சி’ என்று பேச என்னைக் கூப்பிட்டார்கள். அழைப்பிதழில் என் பெயரைப் பார்த்தபோது சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. இனி ஒரு புகார்கூட வரக்கூடாதே.

முந்தின நாள் வால்வு திறக்கும் சுப்பண்ணன் வந்தார்.

“சார், மூணாவது வார்டுத் தண்ணியில சாக்கடை கலந்துபோட்டுதுங்க. மூடிப்போடட்டுங்களா?”

அந்த வார்டுக்குத் தினமும் நாலு மணிக்குத் திறந்துவிடுகிற இந்தத் தண்ணீரை விட்டால் வேறு குடிதண்ணீர் கிடையாது. மூடினால் பெண்கள் குடத்தோடு ரோட்டில் உட்காருவார்கள், பஸ் நிற்கும், கலெக்டர் ஆபீசிலிருந்து போன் வரும். “மாநாடு முடிச்சுப்போட்டு வாரேன், அப்புறம் பாத்துக்கலாமுங்க” என்றேன். புகாரையும் எழுதினேன். எழுதாமல் விடுகிற ஆள் இல்லை நான்.

மறுநாள் மதியம் மாநாட்டு மண்டபத்துக்கே சுப்பண்ணன் போன் செய்தார்.

“சார், சாஜிதா பேகம் வாந்தி பேதியில போயிட்டாங்க. பதினோரு பேரு ஆஸ்பத்திரியில கெடக்கறாங்க. நாலு மணிக்குத் தொறக்கோணுங்களா? எனக்குக் கை வரமாட்டீங்குதுங்க.”

சாஜிதா பேகம் ஆபீசுக்கு எதிரில் தையல் மெஷின் போட்டிருந்தவர். அன்று நான் போட்டிருந்த சட்டைக்கு அவர்தான் பட்டன் தைத்துக் கொடுத்தார். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் மூன்றரைக்கு என் பேச்சு. வால்வைத் திறக்காவிட்டால் நாலு மணிக்கெல்லாம் ரோட்டை மறித்துவிடுவார்கள், செய்தி மண்டபம்வரை வந்துவிடும். எந்தப் பக்கமும் நகர முடியாமல் மாட்டிக்கொண்டேன், அதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

“தொறங்க சுப்பண்ணா” என்றேன்.

பேச்சு நன்றாகவே போனது. காங்கேயம் பக்கத்து அதிகாரி ஒருவர் எழுந்து, “ஏனுங்க, உங்க ஊர்ல புகாரே வராதுங்களா?” என்று கேட்டார்.

“வருமுங்க. நிக்காது” என்றேன். எல்லாரும் சிரித்துக் கைதட்டினார்கள். கடிகாரத்தைப் பார்த்தேன், மணி நாலைத் தாண்டியிருந்தது.

அந்த நாலு மணித் தண்ணீரைக் குடித்து ஆறு பேர் இறந்தார்கள், அதில் மூன்று குழந்தைகள். சுப்பண்ணன் தன் இஷ்டத்துக்குத் திறந்துவிட்டார் என்று உங்கள் விசாரணைக்கு முதலில் எழுதிக் கொடுத்தேனே, அது பொய். திறக்கச் சொன்னது நான்தான். அவரை விட்டுவிடுங்கள்.

பதிவேட்டில் அந்தப் புகார் எங்கே என்று கேட்கிறீர்கள். ஊருக்குத் திரும்பிய மறுநாளே புதுக் குழாய் போட்டுவிட்டேன் ஐயா. சரிசெய்துவிட்டதால் அழித்துவிட்டேன்.