தரையில் பிரேக் தேடிய கால்கள்

நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட விழாத் தலைவர், பணிமனை மேலாளர் அவர்களே! எந்த வண்டி எந்தக் கோலத்தில் வந்தாலும் முகம் சுளிக்காத பட்டறைப் பெரியவர்களே! பிள்ளைகளுக்குப் பாடத்தையும் கணவர்மாருக்குப் பாத்திரம் கழுவுவதையும் பழக்கிவிட்ட தாய்மார்களே! விசில் ஊதும் தோழர்களே, ஸ்டியரிங் பிடிக்கும் தோழர்களே! என்றைக்கும் உட்கார்ந்தே உங்களைச் சந்திக்கும் இந்தப் பேருந்து ஓட்டுநர், இன்று எழுந்து நின்று வணங்குகிறேன்.

எனக்குத் தந்த தலைப்பு, ‘வீடியோ கேம்: அன்றும் இன்றும்.’ வழக்கமாக இந்த விழாவில் சாலைப் பாதுகாப்பைப் பற்றித்தான் பேசச் சொல்வார்கள். இந்த ஆண்டு நம் மேலாளருக்கு எங்கிருந்தோ நல்ல புத்தி வந்திருக்கிறது.

அன்று என்ன இருந்தது? வானத்திலிருந்து கட்டை விழுந்தது! திருப்பினோம், பொருத்தினோம், வரிசை நிறைந்ததும் மறைந்தது. அதன் அருமை யாருக்குத் தெரியும்? விடுமுறைக் கூட்டத்தில் மூட்டை முடிச்சுகளை வண்டிக்குள் அடுக்கிய நடத்துநருக்குத் தெரியும்! பழைய செல்போனில் ஒரு பாம்பு ஓடியதே, நினைவிருக்கிறதா? தின்றது, நீண்டது, திரும்ப இடமில்லாமல் தன்மேலேயே மோதிச் செத்தது. பேராசையைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக எவர் சொன்னார்? டிவியில் படம் வராவிட்டால் கேசட்டை உருவி உஃப் என்று ஊதினோம். ஊதியதால்தான் வந்ததா? அறிவியல் இல்லை என்கிறது. நான் அறிவியலை நம்பத் தயாராக இல்லை.

இன்று? ஆட்டத்தைப் போட்டால் ‘அப்டேட் ஆகிறது, காத்திருக்கவும்’ என்கிறது. காத்திருந்தால் கதை சொல்கிறது. நாயகன் வீட்டை இழக்கிறான், நாட்டை இழக்கிறான், நான் பொறுமையை இழக்கிறேன்! அதன்பிறகு ‘ஸ்கின்’ என்று துப்பாக்கிக்குப் புதுச் சட்டை வாங்கச் சொல்கிறது. சுடுகிற துப்பாக்கிக்குச் சட்டை எதற்கு? குளிருக்கு என்கிறார் பின்வரிசைத் தோழர். அவருக்கு யாராவது ஒரு போர்வை கொடுங்கள்.

ஆனாலும் குறை மட்டும் சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஒரு புதிய ஆட்டத்தில் கொள்ளையரைப் பிடிக்கக் குதிரையேறிப் போனேன். மலையுச்சியில் சூரியன் இறங்குகிற அழகைப் பார்த்தேன், அப்படியே நின்றுவிட்டேன். கொள்ளையர் எனக்காகக் காத்திருந்து அலுத்துப் போயிருப்பார்கள், பாவம்.

சண்டை ஆட்டம் பற்றி என் தங்கை இருக்கும் சபையில் பேச எனக்குத் துணிவில்லை. ஆம், உங்கள் டைம்கீப்பர் அம்மாள்தான்! நான் முறைப்படி உதையும் குத்தும் பயின்று வருவேன். அவள் எல்லாப் பட்டனையும் ஒன்றாக அமுக்கி என்னை வீழ்த்துவாள். அன்றும் வீழ்த்தினாள், போன வாரமும் வீழ்த்தினாள்.

அந்தத் தங்கையின் கணவரை, என் மாப்பிள்ளையை, நீங்கள் ‘சிக்னல்’ என்று அழைக்கிறீர்கள். பச்சை விழுந்தாலும் ஒரு தடவை யோசித்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். அவர் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். ஒரு மழை நாளில் அவர் பேருந்துக்கு முன்னால் ஒரு பைக் வழுக்கி விழுந்தது. பேருந்து நின்றது. விழுந்தவர் முழங்காலைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். நாம் எல்லோரும் பாராட்டினோம். மறுநாள் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தவர் வண்டியை எடுக்காமலே இறங்கிவிட்டார். அடுத்த முறை பிரேக்குக்குக் கால் பிந்திவிட்டால் என்கிற ஒரே பயம். உதிரிபாகக் கிடங்கில் போய் உட்கார்ந்து போல்ட் பொறுக்கத் தொடங்கினார். இந்த விழா நாளுக்குள் வண்டி எடுக்காவிட்டால் கிடங்குதான் நிரந்தரம் என்று மேலாளர் கெடு வைத்தார். வண்டி ஓட்டுவதைத் தவிர வேறெதையும் ஆசைப்படாத மனிதர் அவர்.

அப்போது என் தங்கை ஓய்வறைக்கு ஒரு ஆட்டத்தைக் கொண்டுவந்தாள். என்ன ஆட்டம்? பேருந்து ஓட்டும் ஆட்டம்! நாளெல்லாம் பேருந்து ஓட்டியவன், ஓய்விலும் பேருந்து ஓட்டுவானா என்று சிரித்தோம். சிரித்துக்கொண்டே வரிசையில் நின்றோம். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் மோதினோம்! ஏன்? அந்த ஆட்டத்தில் பிரேக் கைப்பட்டனில் இருக்கிறது. நம் ஓட்டுநர்களோ தரையை மிதிக்கிறார்கள்! ஒருவருக்குச் செருப்பு வார் அறுந்தது. டைல்ஸ் உடைந்தால் தன்னைக் கூப்பிடக் கூடாது என்றார் பட்டறைப் பெரியவர்.

ஒரு மதியம், நச்சரிப்புத் தாங்காமல் சிக்னலும் உட்கார்ந்தார். ஓடிவருகிற பொம்மைப் பயணிகளுக்கெல்லாம் கதவைத் திறந்து காத்திருந்தார். தாமதம் என்று ஆட்டம் மதிப்பெண்ணைக் குறைத்தது. காத்திருந்தார். திரையில் மழை பிடித்தது. சட்டென்று ஒரு சைக்கிள் குறுக்கே சரிந்தது. தரையில் தொம்மென்று ஒரு மிதி! திரையில் வண்டி மோதி, ஆட்டம் முடிந்தது. இனி இவர் எழவே மாட்டார் என்று நான் நினைத்தேன்.

அவர் திரையைப் பார்க்கவில்லை. தன் காலைப் பார்த்தார்.

“மச்சான், நான் நெனைக்கிறதுக்கு முன்னாடியே கால் போயிடுச்சு.”

“அது எப்பவும் அப்படித்தாங்க போகுது, உங்களுக்குத்தான் தெரியல,” என்றாள் என் தங்கை. சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் அழுததை நான் பார்த்தேன். அன்று மாலையே மாப்பிள்ளை பணிமனைக்குள் காலி வண்டியை எடுத்துச் சுற்றத் தொடங்கினார். பக்கத்தில் உட்கார்ந்தவர், கெடு வைத்த நம் மேலாளர்.

அன்றைய ஆட்டம் உயர்ந்ததா, இன்றைய ஆட்டம் உயர்ந்ததா? தோற்றுப் போக நமக்கு எங்கே இடம் இருக்கிறது, சொல்லுங்கள்! சாலையில் தோற்க முடியுமா? வேலையில் தோற்க முடியுமா? யாருக்கும் ஒரு கீறல் விழாமல் தோற்று, எழுந்து, மறுபடி தொடங்க இடம் தருகிறதே, அது கட்டம் கட்டமான பழைய படமாக இருந்தால் என்ன, கண்ணைப் பறிக்கும் புதுப் படமாக இருந்தால் என்ன? அது விளையாட்டு! அது வாழ்க!

முன்வரிசையில் என் தங்கைக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருப்பதைக் கவனித்தீர்களா? மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. வாசலில் இன்ஜின் ஓடுகிற சத்தம் கேட்கிறதா? உங்களை வீடு சேர்க்க வந்திருக்கும் சிறப்புப் பேருந்து அது. அந்த மழை நாளுக்குப் பிறகு பயணிகளோடு அவர் எடுக்கும் முதல் வண்டி. அந்தப் பயணிகள் நீங்கள்தான்!

பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், சிரித்து வாழ்த்திய தாய்மார்க்கும், குளிரிலும் குரல் கொடுத்த தோழருக்கும் என் நெஞ்சம் நிறைந்த நன்றி, வணக்கம். கைத்தட்டலை மட்டும் இங்கே செலவழிக்காதீர்கள். வண்டியில் ஏறிய பிறகு தட்டுங்கள், அவருக்குக் கேட்கட்டும்.