முதுகுக்குக் கவசம் இல்லை

ஓடுகிறேன். இடுப்பில் மகள். பின்னால் ஒரு சத்தம். முதலில் லாரி ஜல்லி கொட்டுவது போல. பிறகு நூறு லாரி. கோவளம். இரண்டாயிரத்து நான்கு, டிசம்பர் இருபத்தாறு. ஞாயிறு காலை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள்.

சவுக்குத் தோப்பிலிருந்து யாரோ கத்துகிறார்கள். "ஏய், தண்ணி வருது! ஓடியா!"

கரையில் ஜெபத்துக்கு நின்றிருந்தோம். ஓலைக் கூரை ஜெபவீடு எங்களுடையது. கூட்டம் கொள்ளாத நாளில் மணலுக்கு வந்துவிடுவோம். பிரசங்கியார் அன்றும் சாத்தானோடு நடக்கும் போரைப் பற்றித்தான் பேசினார். பைபிளில் வரும் அந்தப் பழைய நிருபத்தை, அந்தக் கடிதத்தை, எழுதியவர் சிறையில் இருந்தவர். காவல் நின்ற சிப்பாயைப் பார்த்துப் பார்த்து எழுதியிருப்பார். கச்சை, மார்க்கவசம், பாதரட்சை, கேடயம், தலைச்சீரா, பட்டயம். எங்கள் பிள்ளைகளுக்கே மனப்பாடம். பிரசங்கியார் ஒன்றைத்தான் விடாமல் சொல்வார். முதுகுக்கு அதில் எதுவும் இல்லை. ஆகவே திரும்பாதே. நில்.

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் என் வீட்டுக்காரர் தேவராஜ் குடியை விட்டார். படகு எஞ்சின் மெக்கானிக். சாயங்காலமானால் கை நடுங்கும். ஒயின்ஷாப் வாசலில் கூட்டாளிகள் மறிப்பார்கள். "இன்னா மச்சான், பட்டாளத்துல சேந்துட்டியாமே. துப்பாக்கி எங்க?"

"உள்ள கீதுடா" என்பார். நடுங்கிக்கொண்டே நிற்பார். பிறகு வீட்டுக்கு வருவார். மூன்று வருஷம். நான் வாழ்ந்தது அந்த மூன்று வருஷம்தான்.

அன்று காலை, கடல் உள்வாங்குகிறது. நாங்கள் பார்த்தேயிராத பாறைகள். சேற்றில் மீன் துள்ளுகிறது. பாட்டு நின்றது. பிரசங்கியார் கையை உயர்த்துகிறார். சத்துரு பின்வாங்குகிறான் என்கிறார். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

பிறகு தொலைவில் வெள்ளையாக ஒரு கோடு. கோடு சுவரானது.

"நில்லுங்க! யாரும் திரும்பாதீங்க!"

பாதிப்பேர் ஓடினார்கள். நான் மகளைத் தூக்கினேன். வீட்டுக்காரரின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். பொத்தான் தெறித்தது. அவர் நகரவில்லை. கடை வாசலில் நடுங்கும் அதே கை. அதே நடுக்கம்.

"நீ புள்ளைய தூக்கிக்கினு போ. இங்க முதுகக் காட்டினேன்னா, சாயங்காலம் அந்தக் கடை வாசல்ல போயி நிப்பேன்டி."

ஓடினேன். தோப்பு. பஸ் போகும் சாலை. தண்ணீர் என் முழங்காலைப் பிடித்தது. விட்டது.

அந்த நிருபத்தைப் பிறகு பலமுறை படித்துவிட்டேன். போராட்டம் மனிதரோடு அல்ல, இருளின் அதிகாரங்களோடு என்கிறது. உப்புத் தண்ணீரைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

நின்றவர்கள் பதினொரு பேர். பிரசங்கியாரும் சேர்த்து. ஒருவரும் மிஞ்சவில்லை. ஜெபவீடு இல்லை. ரிப்பேருக்கு வந்திருந்த நான்கு எஞ்சின்கள் இல்லை. நான் சொன்ன ஸ்தோத்திரம், அதற்குப் பிறகு என் வாயில் வரவில்லை.

தேவராஜ் மறுநாள் கிடைத்தார். பாறை இடுக்கில். காயமெல்லாம் முன்பக்கம். முதுகில் ஒரு கீறல் இல்லை.